பன்னிரண்டு நிமிடக் கணக்கு

படம் வெளியாகி மூன்று நாள்களுக்கு யாரும் விமர்சனம் என்று வாயைத் திறக்கக் கூடாதாம். இப்படி ஒரு தடை கேட்டு நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போய்விட்டது. இடைக்காலத் தடை தர நீதிமன்றம் மறுத்தது. நல்லது. தியேட்டர் வளாகத்தில் மைக் நீட்டும் யூடியூப்காரர்களை உள்ளே விடாதீர்கள் என்று இன்னொரு அமைப்பான தயாரிப்பாளர் சங்கம் அதற்கு முன்பே கேட்டிருந்தது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ மூன்றையும் விமர்சனம்தான் கவிழ்த்ததாம்.

எனக்கு 12 என்ற எண்ணை விட மனமில்லை. 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ வெளியான சில நாள்களில் 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. நவம்பரில் ‘கங்குவா’வுக்கும் அதே 12 நிமிடம். போதாதற்கு, இரைச்சல் தாங்கவில்லை என்ற புகார் கிளம்பியதும் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லி தியேட்டர்களுக்குத் தகவல் போனது. யார் சொல்லித் தெரிந்தது? அந்த முதல் சில நாள்களில், இப்போது மூடச் சொல்கிற அதே வாய்கள் சொல்லித்தான். விமர்சனம் அத்தனையும் விஷமம் என்றால் கத்தரியை எதற்கு எடுத்தார்கள்? மூன்று நாள் எல்லோரும் சும்மா இருந்திருந்தால், டிக்கெட் வாங்கியவர்களுக்கு இன்னும் மூன்று நாள் காது வலித்திருக்கும்.

அந்த 12 நிமிடத்தை வெளியீட்டுக்கு முன்பே தயாரிப்பாளரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. டைட்டிலில் ‘மக்கள் தொடர்பு’ என்று அவர் பெயர் வரும்.

மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் இந்தத் தொழிலின் கதையை ஐவி லீயிடமிருந்து தொடங்கும். 1906-இல் அமெரிக்காவில் ஒரு ரயில் தண்ணீரில் விழுந்தபோது, விபத்தை மூடி மறைக்காமல் நிருபர்களை அந்த இடத்துக்கே அழைத்துப்போனவர். இருக்கட்டும். நமக்கு பிலிம் நியூஸ் ஆனந்தன் போதும். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைத் தானாக முன்வந்து ஏற்று, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனவர். ஸ்டில்லோடு அவர் நிற்கவில்லை. எந்தப் படம் என்று வெளியானது, யார் இசை, யார் வசனம் என்று ஆயிரக்கணக்கான படங்களுக்குக் குறித்துவைத்தார். அந்தச் சேகரிப்பைப் பிறகு தமிழக அரசே வாங்கிக்கொண்டது. 2004-இல் பெரிய புத்தகமாகவும் வந்தது. தான் வேலை பார்க்காத படத்தைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. அவர் கொடுத்த விவரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்பலாம். பத்திரிகையாளரும் பி.ஆர்.ஓ.வும் நல்ல உறவில் இருப்பது என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். அவர் மறைந்தது 2016-இல். பழக்கம் அதற்கு வெகு முன்பே செத்துவிட்டது.

இன்று என்ன நடக்கிறது? வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிரஸ் நோட் விழும். எல்லாப் படமும் ‘அனைத்துத் தரப்பு ரசிகர்களையும் கவரும்’. காலையில் பிரஸ் ஷோ, இடைவேளையில் பப்ஸும் காபியும், படம் முடிந்து வெளியே வந்தால் தோளில் ஒரு கை: “அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க.” சில நேரம் அந்தக் கையில் கவரும் இருக்கும். வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளும் நம்மவர்களைப் பற்றி எழுதினால் எனக்குப் பத்திரிகையாளர் சங்கத்தில் நாற்காலி கிடைக்காது. அதனால் எழுதியே விடுகிறேன். கவரை வாங்கியவனின் பாராட்டுக்கு மதிப்பில்லை என்பது, அதைக் கொடுத்தவருக்குத்தான் முதலில் தெரியும். பிறகு எப்படி மதிப்பார்?

காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறார்கள் என்கிறார்கள் தடை கேட்பவர்கள். காசு வாங்கிக்கொண்டு புகழக் கற்றுக்கொடுத்தது யார்? இந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க விருப்பமில்லை.

2024-இல் 200-க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வெளியாகியிருக்கின்றன. வாரத்துக்கு நான்கு என்று வையுங்கள். அவற்றில் எத்தனையின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? திட்டு வாங்கிச் செத்தவற்றைவிட, திட்டக்கூட ஆளில்லாமல் செத்தவையே அதிகம். மூன்று நாள் தடை வந்தால் பெரிய படம் போஸ்டரைக் காட்டி வசூலை எடுத்துவிடும். நாலாம் நாள் தியேட்டரிலேயே இல்லாத சின்னப் படத்தைப் பற்றி யார் எழுதுவது? தடையைக் கேட்டவர்கள் சின்னத் தயாரிப்பாளர்களுக்குக் குழி தோண்டுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன மாதம் அப்படியொரு சின்னப் படம் பார்த்தேன். படத்தொகுப்பு அருமை. பாராட்டி எழுத உட்கார்ந்தால், தொகுத்தவரின் பெயர் பிரஸ் நோட்டில் மேலே ஒரு விதமாகவும் கீழே வேறு விதமாகவும் இருந்தது. பி.ஆர்.ஓ.வுக்குப் போன் போட்டேன்.

“பிரஸ் நோட்லயே இருக்குமே சார்.”

“அதுல ரெண்டு பேர் இருக்கு தம்பி.”

“எது வேணா போட்டுக்குங்க சார், பிரச்சினை இல்ல.”

மேலே இருந்ததைப் போட்டேன். கட்டுரை வந்த அன்று காலை ஏழு மணிக்கு ஒரு போன். பேசியவர் அந்தப் படத்தொகுப்பாளர். கீழே இருந்ததுதான் அவர் பெயராம்.