நடக்க முடிந்தால் வெறும் சுளுக்குதானா? கணுக்கால் காயத்தில் ஏமாற்றும் எலும்பு முறிவுகள்

‘நடக்க முடியுதுல்ல, அப்போ வெறும் சுளுக்குதான்!’ கால் பிசகியதும் வீட்டில் சொல்லும் முதல் தீர்ப்பு இது. பெரும்பாலும் சரிதான். ஆனால், முறிந்த எலும்போடும் சிலரால் நொண்டி நொண்டி நடக்க முடியும்.

அப்போ எக்ஸ்ரே எப்போது தேவை? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதிகள் இதற்கு உதவுகின்றன.

• கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியையோ பின் விளிம்பையோ அழுத்தினால் வலிக்கிறதா?

• பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே புடைத்திருக்கும் எலும்பு வலிக்கிறதா? பாதத்தின் உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பு?

• அடிபட்ட உடனேயும், மருத்துவமனையிலும் நான்கு அடி நடக்க முடியவில்லையா?

ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரே நார்மல் என்றால் கதை முடிந்ததா? இல்லை. மூட்டுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பின் சிறு முறிவுகள் எக்ஸ்ரேயில் தப்பி, சி.டி. ஸ்கேனில் மட்டுமே தெரியலாம். கணுக்கால் திருகியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவதும் உண்டு. அங்கே வலித்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பத்து நாளாகியும் காலை ஊன்ற முடியவில்லையா? மறுபடி மருத்துவரைப் பாருங்கள். தவறவிட்ட முறிவு, தீராத வலியிலும் மூட்டுத் தேய்மானத்திலும் கொண்டுபோய் விடலாம். எண்ணெய் போட்டு நீவுவதற்கு முன், எலும்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவதே நல்லது.