ஞாயிற்றின்மேற் பழி சுமத்தலாமா?

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எமக்கு வெயிலின் கணக்கில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றியன்றோ தொடங்கினார்! அம்மூன்றையும் நம்பியே மஸ்கெலியாவின் தேயிலை மலைகள் தளிர்க்கின்றன. ஆகவே, அவற்றை ஆராய்தல் தமிழாசிரியர்க்குப் புறம்பான செயலன்று.

வெயில் கடுத்தாலும் மழை பிழைத்தாலும், “எல்லாம் சூரியன் செயல், நாம் என் செய்வோம்?” என்று கைவிரிப்போரை ஆசிரியர் அறையிலும் காண்கிறோம், கடைவீதியிலும் காண்கிறோம். இக்கூற்றுப் பிழையானது, பிழை மட்டுமன்று, தீங்கும் பயப்பது என்பதே எமது கருத்து.

நுவரெலியாவை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரைச் சூழ்ந்த இடங்களில், சனவரி, பெப்ரவரி மாதத்து விடியல்கள் சிலவற்றில் உறைபனி படிகிறது. தேயிலைத் தளிர்கள் தீயில் வாட்டியனபோற் கருகிவிடுகின்றன. ஆனால், பூமி தன் பாதையில் ஞாயிற்றுக்கு மிக அண்மையில் வருவதும் சனவரி முற்பகுதியிலேதான். யூலை மாதத்தைவிட நூற்றுக்கு 7 பங்களவு மிகுதியான ஒளியைப் பூமி அப்போது பெறுகிறது. நமது தீவில் அக்காலத்து நண்பகற் கதிர் சற்றே சாய்ந்து விழுவது உண்மை. எனினும் உறைபனி பகலிற் பிறப்பதன்று, இரவிற் பிறப்பது.

அவ்விரவிலே முகிலில்லை; காற்றசைவில்லை; வளியில் ஈரமும் குறைவு. பகலிற் பெற்ற வெப்பத்தை நிலமானது கண்ணுக்குப் புலப்படாத கதிராக வானுக்கு இறைத்துவிடுகிறது. முகில் மூடியிருந்தால் அவ்வெப்பத்திற் பெரும்பகுதி நிலத்துக்கே திரும்பியிருக்கும். கொழுந்து பறிக்கும் தாய்மார் குளிருக்குப் போர்த்த கம்பளியை நினைத்துப் பாருங்கள். கம்பளி வெப்பத்தைப் படைப்பதில்லை; உள்ளதைக் காக்கிறது. வானத்துக் கம்பளி விலகித் திங்கள் தெளிந்து ஒளிரும் இரவே கொழுந்துக்குக் கூற்றாகிறது. எனவே நிலத்தின் வெப்பத்தை வரவு மட்டும் தீர்மானிப்பதில்லை. செலவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

அந்த வரவு மாறுவதில்லையோ எனின், மாறும். தமிழகத்துக் கொடைக்கானல் ஆய்வகம் 1901ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றை நோக்கிவருகிறது. ஞாயிற்றின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை பெருகிக் குறைகின்றன. பூமியை எட்டும் ஒளி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1,361 வாற்று. அப்புள்ளிகளின் சுழற்சியில் அது ஆயிரத்தில் ஒரு பங்களவே மாறுகிறது. அதனால் உலகின் சராசரி வெப்பநிலை பாகையிற் பத்திலொரு பங்களவே ஏறியிறங்கும். 1991இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, அதன் கந்தகத் துகள்கள் ஒளியை மறைத்தபோது உலகம் ஏறத்தாழ அரைப் பாகை குளிர்ந்தது. சில ஆண்டுகளில் மீண்டது. வரவு குறைந்தாற் குளிரும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால், நெடிது ஏறிவரும் இன்றைய வெப்பத்துக்கு ஞாயிறு காரணமன்று. செய்மதிகள் 1978 முதல் அளந்துவர, ஞாயிற்றின் ஒளி பெருகிச் செல்லவில்லை. நிலத்தின் வெப்பமோ ஏறியே வந்துளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகின் சராசரி 1.1 பாகை செல்சியசு மிகுந்திருந்தது. தடித்தது கம்பளியே. ஆலைகள் பெருகுமுன் வளியிற் பத்து இலட்சத்தில் 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தவர் மாந்தரே.

மனிதர் செய்த பிழையை வானத்தின் மேல் ஏற்றிவிட்டால் திருத்தவேண்டியவர் தப்பிவிடுவர். கொழுந்து குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராவதை மலையகத்தார் அறிவர். நிலம் காய்ந்தாலும் உறைந்தாலும் முதலில் தணிவது லயத்து அடுப்பே. உலகின் கம்பளியைத் தடிக்கச் செய்ததில் அந்த அடுப்பின் பங்கோ மிகச் சிறிது.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கற்பலகை நாட்டுவதினும், மலைப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பமானியும் மழைமானியும் குறிப்பேடும் வழங்குவது நன்று. அரசினர் அளக்கிலரோ எனின், அளக்கின்றனர். ஆனால், குளிர்ந்த காற்றுப் பாரமானது; பள்ளத்திலே தேங்குவது. ஒரு நகரத்தில் எடுத்த அளவு ஒவ்வொரு பள்ளத்தின் நிலையையும் உரைக்காது. எப்பள்ளத்தில், எந்நாளில் தளிர் கருகியது என்பதை அங்கு வாழும் பிள்ளைகளே நாள்தோறும் எழுதட்டும். நிழல் மரம் எங்கே வேண்டும், இழப்புக்கு ஈடு யாது என்று கேட்கும் நாளில், அவர்தம் பெற்றோர் வெறுங்கையோடு நில்லாது அவ்வேட்டைக் கையிலேந்தி நிற்பர்.