பாட்டைத் தொலைத்த குழல்

– மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவன்

எங்கள் விடுதியில் ஒருவன் பேச்சுக்கு இன்னொருவன் தலையாட்டினால், ‘நன்றாக ஒத்து ஊதுகிறான்’ என்று கேலி செய்வது வழக்கம். அந்தக் கேலி எழும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஏனெனில் என் தாத்தா உண்மையிலேயே ஒத்து ஊதியவர். நாகசுரக்காரர் ராகத்தில் உலவிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் நின்று ஒரே சுருதியை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே, மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். பின்னாளில் சுருதிப்பெட்டி வந்தது. தாத்தா வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் ஐரோப்பிய இசைவிழா ஒன்றைக் காட்டினார். வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் ஆள் உயர மரக்குழலை ஊதிக்கொண்டிருந்தார். ‘மூச்சே விடாமல் ஊதுகிறாரே!’ என்று அறையே வியந்தது. நானோ அவருடைய கன்னங்களைப் பார்த்தேன். அவை என் தாத்தாவின் கன்னங்கள்! அந்தக் குழலைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

உலகம் அதனை ‘டிஜெரிடூ’ என்கிறது. இது அதன் ஒலியைக் கேட்டு வெள்ளையர் இட்ட பெயர். வட ஆஸ்திரேலியாவில் ஆர்னெம்லாந்துப் பகுதியின் வடகிழக்கில் வாழும் யோல்ங்கு மக்கள் அதனை ‘யிடாக்கி’ என்பர். மேற்கே ‘மாகோ’ என்பர். யூக்கலிப்டஸ் மரத்தின் உள்வயிரத்தைக் கரையான் அரித்துக் கூடாக்கிவிடும். அத்தகைய மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்து வெட்டி, பட்டையை உரித்து, வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு பூசினால் யிடாக்கி ஆயத்தம். பாதி வேலை கரையானுடையது, மீதி மனிதனுடையது.

நான் கண்ட முக்கியமான செய்தி இதுதான்: அது பிறந்த மண்ணில் யிடாக்கி தனி வாத்தியம் அன்று. பாடகர் தாளக்கட்டைகளைத் தட்டியபடி தம் குலத்தின் பாட்டைப் பாடுவார், ஆடுவோர் ஆடுவர், யிடாக்கிக்காரர் பாட்டைத் தொடர்ந்து ஊதுவார். அந்தப் பாட்டில் இன்ன நிலம், இன்ன நீர்நிலை, இன்ன முன்னோர் என்று எல்லாம் அடங்கியிருக்கும். பாட்டு என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று; நிலத்திற்குரிய பட்டயமும் அதுவே. அந்தப் பட்டயத்திற்கு ஒத்து ஊதுவது யிடாக்கி!

இனி விழா மேடைக்கு வருவோம். இங்கிலாந்தில் பீட்டர் கேப்ரியலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ‘வோமாட்’ விழா முதன்முதலில் 1982-இல் நடந்தது. 1987-இல் இலண்டனில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, எந்தத் தட்டில் அடுக்குவது என்று கடைக்காரர்கள் திகைத்த இசைகளுக்கெல்லாம் ‘உலக இசை’ என்று பெயர் சூட்டினர். இவற்றால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. எத்தனையோ கலைஞர்கள் கடல் கடந்து புகழ் பெற்றனர். ஆனால் மேடையில் ஒருவருக்குக் கிடைப்பதோ சிறு பொழுது. அந்தப் பொழுதுக்குள் குலப்பாட்டு எப்படி அடங்கும்? நிலம் எப்படி அடங்கும்? ஆகவே பாட்டு வீட்டிலேயே தங்கிற்று. குழல் மட்டும் விமானம் ஏறிற்று. பக்கவாத்தியம் தனிவாத்தியம் ஆயிற்று. சடங்கு சாகசம் ஆயிற்று.

‘இசைக்கு எல்லை ஏது? யார் வேண்டுமானாலும் ஊதலாமே!’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஊதட்டும், நான் தடுக்கவில்லை. யிடாக்கியின் காவலராக மதிக்கப்பெற்ற கால்பு குலத்துப் பெரியவர் ஜாலு குருவிவி (இவர் 2022-இல் மறைந்தார்), தம்மை நாடி வந்த வெளிநாட்டாருக்கும் மனமுவந்து கற்பித்தவர். உரியவரே கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் கொடுத்ததைப் பெறுவது வேறு, கிடைத்ததை எடுத்துக்கொள்வது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வணக்கம் இருக்கிறது.

அந்த வணக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு ஒன்று விடை சொல்கிறது. இந்தோனேசியாவில் செய்வித்த டிஜெரிடூக்களையும் பூமராங்குகளையும் பழங்குடியினர் கைவண்ணம் என்று நம்பும்படி ஒரு நிறுவனம் விற்றது. அது தவறு என்று 2018-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் 23 இலட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் நிறுவனமோ கடையைக் கட்டியிருந்தது! பாட்டைத் தொலைத்த குழலுக்கு ஊர் எதற்கு, உரியவர் எதற்கு என்ற எண்ணம் வந்துவிட்டால், போலியும் அசலும் ஒரே விலைதான்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. 1999 முதல் ஆர்னெம்லாந்தில் குல்குலா என்னுமிடத்தில் ‘கார்மா’ விழா நடைபெற்று வருகிறது. (நமது ‘கருமம்’ அன்று; அது யோல்ங்கு சொல்.) யிடாக்கியை மூதாதை ஒருவர் தோற்றுவித்த இடம் என்று அம்மக்கள் போற்றும் நிலம் அது. அங்கே விருந்தளிப்பவர் யோல்ங்கு மக்கள், விருந்தினர் மற்றவர். மாலையில் பாட்டும் தாளக்கட்டையும் யிடாக்கியும் ஆட்டமும் ஒருங்கே நிகழ்கின்றன. பகலில் நில உரிமை, கல்வி குறித்த விவாதங்களும் நடக்கின்றன. கேட்க வந்தவன் அந்த மண்ணில் உட்கார்ந்துதான் கேட்கவேண்டும். உலக விழாக்கள் ஊர்தோறும் நடக்கட்டும். ஆனால் அவற்றின் ஒழுங்கைக் குல்குலாவிடம் கற்றுக்கொள்ளட்டும் என்பதே என் கருத்து. குழலை அழைப்பவர்கள் பாடகரையும் அழைக்கட்டும். அழைக்க இயலாதபோது, ஊதுகிறவர் தாம் யாரிடம் கற்றார் என்பதையாவது மேடையில் சொல்லட்டும். ஒரு வாக்கியம் போதும். அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

திண்ணையில் இருந்த தாத்தாவிடம் சிறுவனாக ஒருநாள் கேட்டேன்: “நீங்க ஏன் தாத்தா தனியா வாசிக்கல?” அவர் சிரித்தார். “நான் நிறுத்திட்டா அவர் எங்கடா போய் நிப்பாரு?” என்றார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. இன்று விளங்குகிறது. ஒத்து என்பது அடிமை ஒலி அன்று. பாட்டு நிற்பதற்கான தரை. யோல்ங்கு மக்களின் தரையை உருவி எடுத்து மேடையில் வேடிக்கை காட்டும்போது நாம் கைதட்டத்தான் வேண்டுமா?

நண்பர்களே, அடுத்த முறை அந்தக் குழலோசையைக் கேட்டால், எவ்வளவு நேரம் மூச்சு விடாமல் ஊதினார் என்று கடிகாரம் பார்க்காதீர்கள். இது எந்தப் பாட்டுக்கு ஊதியது என்று கேளுங்கள். விடுதியில் ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற கேலியையும் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.