திறப்பு யாரிடம் இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். பழைய மாணவர் சங்கமொன்றின் இணையத்தளத்தை அவரும் வெள்ளவத்தையிலுள்ள மற்றொருவரும் ஊதியமின்றி நடத்தி வருகின்றனர். அதிலுள்ள மரண அறிவித்தலொன்றைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் தோன்றுகிறது என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர் முறையிட்டிருந்தார். நண்பர் தமது கணினியில் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. "வயது போனவர், எங்கேயோ பிழையாக அழுத்தியிருப்பார் என்று விட்டுவிட்டேன்" என்றார். இரண்டு கிழமைகளின் பின்னர் இலண்டனிலிருந்தும் அதே முறைப்பாடு வந்தது.

தளத்தை வடிவமைத்த இளைஞர், விலை கொடுத்து வாங்கவேண்டிய சொருகி ஒன்றை யாரோ இலவசமாகப் பகிர்ந்த இடத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். அதற்குள் வேறொருவரின் கட்டளைகளும் ஒளிந்திருந்தன. அந்த இளைஞர் நாட்டை விட்டுச் சென்று பல காலமாகிறது. அவரிடமிருந்த நிர்வாகக் கடவுச்சொல் இன்னமும் செல்லுபடியாகிறது என்பதே நண்பருக்கு அன்றுதான் தெரிந்தது.

சொருகியை நம்மவர் பலர் அலங்காரப் பொருளாகவே கருதுகின்றனர். நாட்காட்டி வேண்டுமா, படத்தொகுப்பு வேண்டுமா, ஒன்றைப் போட்டால் சரி என்பது எண்ணம். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களில் அது சுருக்கப்பட்ட ஒரு கோப்பாக வருகிறது. நிர்வாகி அதை ஏற்றிப் பொத்தானை அழுத்தியதும், வழங்கியில் விரிந்து மென்பொருளின் ஒரு பகுதியாகவே இயங்கத் தொடங்குகிறது. கட்டுரையை ஏற்றினால் வழங்கி அதை வாசகருக்குக் காட்டும்; சொருகியை ஏற்றினாலோ அது சொல்வதைச் செய்யும். தரவுத்தளத்தை வாசிக்கவும், கோப்புகளை அழிக்கவும், புதியதொரு நிர்வாகியை உருவாக்கவும் அதனால் இயலும். ஆகவே சொருகி ஏற்றும் உரிமையுடையவர், உலகின் எம்மூலையில் இருந்தாலும், அத்தளத்தில் தாம் விரும்பிய கட்டளையை நிறைவேற்றலாம். திருடிய ஒரு கடவுச்சொல்லே அதற்குப் போதுமானது.

பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரதாரரிடமிருந்து விளம்பரத்தை வாங்குவோம்; அச்சு இயந்திர அறையின் திறப்பை அவரிடம் கொடுப்பதில்லை. இணையத்தில் நாம் கொடுத்துக்கொண்டிருப்பது அந்தத் திறப்பைத்தான்.

நண்பருக்கு நேர்ந்தது புதுமையன்று. 'டிஸ்பிளே விட்ஜெட்ஸ்' என்ற சொருகி சுமார் 2 இலட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் அது கைமாறியது. புதிய உரிமையாளர் வெளியிட்ட பதிப்புகள் அத்தளங்களில் விளம்பரப் பதிவுகளைப் புகுத்தின. தளத்தில் உள்நுழைந்தவரின் கண்ணுக்கு மட்டும் அவை தென்படவில்லை. அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தே வந்த சொருகி அது. 2020 செப்டெம்பரில் 'ஃபைல் மனேஜர்' என்ற மற்றொரு சொருகியில், கடவுச்சொல் எதுவுமின்றிக் கோப்பை ஏற்றி இயக்கக்கூடிய ஓட்டை கண்டறியப்பட்டது. 7 இலட்சத்துக்கும் அதிகமான தளங்கள் அதை நிறுவியிருந்தன. திருத்திய பதிப்பு வெளிவருமுன்னரே தாக்குதல்கள் தொடங்கியிருந்தன.

"எங்கள் சின்னத் தளத்தைத் தேடி யார் வரப்போகிறார்கள்?" என்று கேட்பவர்களுண்டு. தேடி வருபவை தானியங்கி நிரல்கள்; அவை பெயர்ப்பலகையை வாசிப்பதில்லை. பெரிய இடங்களும் தப்பவில்லை. 2012 ஆகஸ்டில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் வலைப்பதிவுத் தளத்துள் புகுந்தோர், சிரியக் கிளர்ச்சிப் படைத் தலைவர் வழங்காத நேர்காணலை அவர் வழங்கியதாகப் பிரசுரித்தனர். 2016 ஆகஸ்டில் இலங்கை ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துள் ஊடுருவி, க.பொ.த. உயர்தரப் பரீட்சைத் திகதி குறித்து முறையிட்டவர் எனக் கைதானவர் 17 வயதுப் பாடசாலை மாணவர்.

சொருகியோடு தொடர்பில்லாத சம்பவமாயினும், 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக் கணினி வலையமைப்புக்கு நேர்ந்ததையும் மறக்கலாகாது. கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியதில், அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. இயங்கிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டு நான்கு மாதங்களாகியிருந்தன. அக்காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதியும் இருக்கவில்லை.

நண்பரின் கதையும் அவ்வாறே முடிந்தது. தளத்தின் பிரதி இருந்தது. ஆனால் அதே வழங்கியில் இருந்தது, அதுவும் பழுதாகியிருந்தது. துப்புரவு செய்து மீட்டபோது பதினான்கு மாதப் பதிவுகள் மீளவில்லை. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் ஊடுருவியவரைத் தண்டிக்க வழி செய்கிறது. இழந்த பதிவை அது திருப்பித் தராது.

தொண்டாக நடத்துவோரிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். செய்யவேண்டியவற்றுட் பெரும்பாலானவை பணம் கேட்பவையல்ல. நிர்வாகிகளின் பட்டியலைத் திறந்து, விலகிப் போனவர்களை நீக்குங்கள். எழுதுபவருக்கு எழுதும் உரிமை மட்டும் போதும். பாவிக்காத சொருகிகளை அழித்துவிடுங்கள். பாவிப்பவற்றை உடனுக்குடன் புதுப்பியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் திருட்டுப் பிரதிகளை அண்டாதீர்கள். படங்களை ஏற்றும் கோப்புறையில் நிரல்கள் இயங்காதவாறு தடுக்கலாம். நிர்வாகப் பக்கத்தினூடாகச் சொருகி ஏற்றுவதையே அமைவுக் கோப்பின் ஒரு வரியால் நிறுத்தலாம். புதுப்பிக்கும் வேளையில் மட்டும் அதை நீக்கினாற் போதும். மாதமொருமுறை ஒரு பிரதியை வீட்டில், இணையத்தோடு தொடர்பற்ற வட்டில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகர் முறையிட்டால் நம்புங்கள். அவர் காண்பதை நீங்கள் காணாதிருக்கலாம்.

ஊரை விட்டுச் சிதறிய நமக்கு இத்தளங்களே ஊர்ச் சந்தியும் வாசிகசாலையும். ரொறன்ரோ வாசகர் திறந்த அந்த அறிவித்தல் அவருடைய வகுப்புத் தோழருடையது. விசாப் பிரச்சினையால் இறுதிக் கிரியைக்கு வர இயலாதவர் அவர். இழந்த பதினான்கு மாதங்களுள் அந்த அறிவித்தலும் அடக்கம். படத்தை மீண்டும் அனுப்பும்படி குடும்பத்தாரிடம் எப்படிக் கேட்பது என்று நண்பர் இன்னமும் தயங்கிக்கொண்டிருக்கிறார்.