அயலார் வீட்டுப் பண்டிகையும் நம் மாதிரிக் கட்டுரையும்

அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்றில் பேசிய அன்பர் ஒருவர், வெளிநாட்டிற்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள் பண்டிகை விடுமுறையில் அந்நாட்டார் இல்லங்களில் விருந்தினராகத் தங்குவதைக் கடுமையாகச் சாடினார். அயலார் பண்டிகையில் கலந்தால் நம் பண்பாடு கரைந்துவிடும் என்பது அவர் வாதம். அவையோர் கைதட்டினர். நான் தட்டவில்லை. ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1982ஆம் ஆண்டில் நம் நாடு கிழக்கு நோக்கும் கொள்கையை மேற்கொண்டது. அதன்வழி மலேசிய மாணவர் பலர் ஜப்பானுக்குச் சென்று பயின்றனர். அவ்வாறு பொறியியல் கற்கச் சென்றவர்களுள் என் பழைய மாணவி ஒருத்தியும் உண்டு. ஆண்டிறுதி விடுமுறையில் விடுதி வெறிச்சோடிவிட, ஒரு குடும்பத்தார் அவளைத் தம் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டனர். ஊர் திரும்பியதும் என்னைக் காண வந்து, அவள் அந்த நாட்களை விவரித்தாள்.

புத்தாண்டுக்கு முன்னரே வீடு முழுவதையும் ஒட்டடை அடித்துத் துடைத்தார்களாம். இவளுக்கு நம் போகி நினைவுக்கு வந்ததாம். டிசம்பர் 31 இரவு 'சோபா' என்னும் நீண்ட மீ உண்டனர். நள்ளிரவில் பௌத்த ஆலயத்தின் மணி 108 முறை ஒலித்தது. அந்த எண்ணைக் கேட்டதும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். மறுநாள் அடுக்குப் பெட்டிகளில் உணவு வந்தது. அவ்வீட்டுப் பாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். கறுப்பு அவரை இருந்தது. 'மாமே' என்னும் சொல் அவரையையும் குறிக்கும், உடல்நலத்தோடு உழைப்பதையும் குறிக்கும். 'கொம்பு' என்னும் கடற்பாசி இருந்தது. மகிழ்தலைக் குறிக்கும் 'யொரொகொபு' என்னும் சொல்லோடு அதற்கு ஒலியொப்புமை உண்டு. பசையரிசியை இடித்துச் செய்த இரு வட்ட உருண்டைகளின் உச்சியில் 'டாய்டாய்' என்னும் நாரத்தை வகைப் பழம் வீற்றிருந்தது. அவ்வொலிக்குத் 'தலைமுறை தலைமுறையாக' என்றும் பொருள் உண்டு. சிலேடையைச் செய்யுளில் மட்டும் தேடும் நாம் இதனைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அதனைச் சோற்றுப் பெட்டியில் வைத்திருக்கின்றனர்.

எல்லாம் சொல்லி முடித்த அப்பாட்டி, "உங்கள் பண்டிகையில் உன் பாட்டி என்ன செய்வார்?" என்று கேட்டாராம்.

மாணவி தொடங்கினாள். தீபாவளி இந்துக்கள் கொண்டாடும் பண்டிகைகளுள் ஒன்றாகும். நரகாசுரன் வந்தான், மாண்டான். எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம், உற்றார் உறவினர். ஐந்தே வாக்கியங்களில் பண்டிகை முடிந்துவிட்டது. "அது சரி, உன் பாட்டி?" என்று மீண்டும் கேட்டாராம். விடையில்லை.

அவள் பாட்டியை நான் அறிவேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தீபாவளிக்கு முதல்நாள் மாலை, மறைந்த கணவர் விரும்பி உண்டவற்றையெல்லாம் வாழையிலையில் வைத்துப் படைப்பார். கறியோடு ஒரு சுருட்டும் இருக்கும். படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் அனைவரும் சற்று நேரம் வெளியே நிற்பர். உள்ளே வந்து உண்டு செல்பவருக்கு இடையூறு கூடாதல்லவா?

இவற்றுள் ஒன்றேனும் நம் மாதிரிக் கட்டுரையில் உண்டா? அக்கட்டுரையைக் கரும்பலகையில் எழுதி அவளை மனனம் செய்வித்தவன் வேறு யாருமல்லன், நானேதான். பயிற்சிக் கல்லூரி எனக்குக் கற்பித்த முறை அதுவன்று. தேர்வு கற்பித்த முறை அது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மாதிரிக் கட்டுரைக்கோ இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

அன்பரின் கூற்றில் ஓர் உண்மை உண்டு. வெளிநாடு சென்று திரும்பித் தம் வீட்டையே ஏளனம் செய்வோரை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் அவர்கள் அங்கே இழந்தது என்ன? கையில் ஏதேனும் கொண்டு போயிருந்தால் அல்லவா இழப்பதற்கு! ஜப்பானியர் 1873இல் தம் பழைய நாட்காட்டியை விட்டு மேலைநாட்டு நாட்காட்டிக்கு மாறினர். புத்தாண்டு நாளே மாறிப்போயிற்று. ஆயினும் பேத்திக்குச் சொல்லப் பாட்டியிடம் செய்தி இருக்கிறது. நாமோ தையா சித்திரையா என்று மேடைதோறும் வழக்காடுகிறோம். அந்நாளில் வீட்டில் என்ன செய்வது, ஏன் செய்வது என்று பிள்ளை கேட்டால் நமக்கு நேரமில்லை. பண்பாட்டைக் கரைத்தது அயலார் வீடா, நம் வகுப்பறையா?

இவ்வாண்டு எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு மாதிரிக் கட்டுரை தரவில்லை. வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு கேள்வி கேட்டு, விடையை எழுதி வரச் சொன்னேன். பெரும்பாலோர் நரகாசுரனையே திரும்பக் கொண்டு வந்தனர். ஒரு சிறுவன் மட்டும் இவ்வாறு எழுதியிருந்தான்: "முதல் முறுக்கை ஏன் தனியாக எடுத்து வைக்கிறீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். அது தாத்தாவுக்கு என்றார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தருவார்."

மூன்றே வாக்கியங்கள். எண்பது சொற்கள் இல்லையென்று வகுப்பாசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். அவரோடு நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.