பொழுதுபோக்கு என்னும் பழி

"வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம்" என்று நம்மவர்கள் சில காரியங்களுக்கு முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். சீட்டாட்டம் அந்த ஜாபிதாவில் இல்லை. ஒரு பகல் முழுவதும் கிரிக்கெட் பார்ப்பது இல்லை. கையடக்க டெலிபோனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்திருப்பதும் இல்லை. அவை எல்லாம் "களைப்பாறுதல்". ஆனால் ஒரு ஸ்திரீ இரண்டு ஊசியும் ஒரு நூற்பந்தும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் போதும். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "உங்களுக்கு ரொம்பப் பொழுது இருக்கிறது போலிருக்கிறதே!"

இந்தக் கேள்வியை நான் மிக அதிகமாகக் கேட்டது ஏற்காட்டில்தான். அதற்குக் காரணம் உண்டு. சேலத்து வெயிலிலிருந்து தப்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, ஏறக்குறைய 5,000 அடி உயரத்துக்கு வந்து சேருகிறவர்களுக்கு, மலைமேல் குடியிருப்பவர்கள் எல்லாருமே விடுமுறையில் இருப்பதாகத் தோன்றுகிறது. சேர்வராயன் மலையில் ஜனங்கள் உழைத்துப் பிழைக்கிறார்கள் என்பதே அவர்கள் நினைவில் இராது. காப்பிச் செடி தானாக முளைத்துத் தானாகப் பழுத்துத் தானாக டம்ளருக்கு வந்துவிடுகிறது! சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி அழகுக்காகப் படர்ந்திருக்கிறது! அப்படிப்பட்ட ஊரில் ஓர் அம்மாள் பின்னிக்கொண்டிருந்தால் கேட்க வேண்டுமா?

அந்த அம்மாளை எனக்குப் பல வருஷங்களாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மூடுபனி விலகும் வரையில் ராட்டையில் நூற்பார். மத்தியானம் சாப்பாடான பிறகு ஸ்வெட்டரோ, குழந்தைக் குல்லாயோ, மப்ளரோ பின்னுவார். யாருக்கும் விற்பதில்லை. உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்கும், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகளுக்கும் கொடுத்துவிடுவார். அவர் நூற்ற பருத்தி நூல் சிட்டம் சிட்டமாக அலமாரியில் தொங்கும்.

ஒரு நாள் சேலத்திலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை மகன், நல்ல உத்தியோகத்தில் இருப்பவன், என் முன்னாலேயே சொன்னான்: "ஏன் பெரியம்மா, கடைவீதிக்குப் போனா இதே ஸ்வெட்டர் கிடைக்குதே! நூல் வாங்கற காசுக்கே முழு ஸ்வெட்டர் வாங்கிடலாம். எதுக்கு இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கிறீங்க?"

"கிடைக்கும் கண்ணு," என்றார் அந்த அம்மாள். "ஓட்டல்ல சோறுகூடக் கிடைக்குது. உங்கம்மாவை அடுப்பை அணைச்சுடச் சொல்லட்டுமா?"

பையன் சிரித்து மழுப்பிவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அவன் கேட்டது அவன் ஒருவனுடைய கேள்வி அல்ல. நம்முடைய மத்தியதர வர்க்கம் முழுவதும் கூடிக் கேட்கிற கேள்வி அது. விலை சொல்ல முடியாத உழைப்பு உழைப்பே அல்ல என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அதனால் விலை சொல்கிற உழைப்புக்கும் நியாயமான விலை கொடுக்க மாட்டேன் என்கிறோம். இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு அடையாளங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கதை படிக்கிறவர்கள் கணக்குக்கு முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் இது ஒரு கதைதான்.

நாலு கஜ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 45 அங்குலம். அங்குலத்துக்குப் பாவில் 40 இழை, ஊடையில் 40 இழை என்று வைத்துக்கொள்வோம். அப்படியொன்றும் நெருக்கமான நெசவு அல்ல. பாவுக்கு 1,800 இழை. ஒவ்வொன்றும் 4 கஜம். ஆக 7,200 கஜ நூல். ஊடைக்கும் அதே 7,200. மொத்தம் 14,400 கஜம். அறுந்தது, வீணானது கணக்கில் சேரவில்லை. கை நன்றாகப் பழகியவர் ஒற்றைக் கதிர் ராட்டையில் மணிக்கு 300 கஜம் நூற்றால், ஒரு வேட்டிக்கு 48 மணி நேரம். இது நூற்பதற்கு மாத்திரம். பஞ்சை வில்லால் அடித்துப் பட்டை போட்டவன் கூலி வேறு, நெய்தவன் கூலி வேறு. தக்ளியில் நூற்றால் இன்னும் எத்தனையோ மணி கூடும்.

ஸ்வெட்டருக்கு வருவோம். பெரியவர் போடுகிற முழுக்கை ஸ்வெட்டர் ஒன்றில் ஐம்பதினாயிரம் கண்ணிக்குக் குறையாது. நிமிஷத்துக்கு 25 கண்ணி என்று இடைவிடாமல் போட்டாலும் முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒரு கண்ணி நழுவி, பத்து வரிசைக்குப் பிறகு கண்ணில் பட்டால், அவ்வளவையும் பிரிக்க வேண்டும். பிரிக்கிற நேரத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

இந்தக் கணக்கை நீங்கள் கைவினைப் பொருட்காட்சிக்குப் போகும்போது மடியில் முடிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் விண்ணப்பம். அங்கே என்ன நடக்கிறது? பின்னல் சாமான்கள் வைத்திருக்கும் பெண்பிள்ளையிடம் விலை கேட்கிறோம். சொல்கிறாள். "அடேயப்பா! சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுவதுதானே அம்மா? இதற்கா இவ்வளவு?" என்கிறோம். ரத்தின வியாபாரியிடமும் டாக்டரிடமும் நாம் பேரம் பேசுவதில்லை. கண்ணெதிரே உழைக்கிறவளிடம்தான் நமக்கு வாய் நீளுகிறது.

இதோடு விடப் போவதில்லை. பொழுதுபோக்காகப் பின்னுகிற என் சகோதரிகளிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. உங்களில் சிலர் எப்போதாவது ஒன்றிரண்டை விற்கிறீர்கள். என்ன விலைக்கு? நூல் வாங்கிய காசுக்கு! "சும்மாதானே பின்னினேன், கைக்கூலி என்ன வேண்டியிருக்கிறது!" என்று பெருந்தன்மையாகச் சொல்லி விடுகிறீர்கள். உங்களுக்கு அது பெருந்தன்மை. ஆனால் பக்கத்துத் தெருவில் பின்னித்தான் அரிசி வாங்க வேண்டும் என்றிருக்கிற ஒருத்திக்கு அது வயிற்றில் அடி. நீங்கள் வைத்த விலைதான் ஊரின் விலை ஆகிவிடும். அவள் கூலி கேட்டால், "அந்த அம்மாள் இதில் பாதிக்குக் கொடுத்தார்களே!" என்பார்கள். ஆகையால் கொடுத்தால் தானமாகக் கொடுங்கள். விற்றால் முழு விலைக்கு விற்றுவிடுங்கள். நடுவிலே நிற்காதீர்கள். ஏற்காட்டு அம்மாள் விற்பதே இல்லை என்று சொன்னேனே, அதன் காரணம் இதுதான். அவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

என் பொதுவுடைமை நண்பர் ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து தாக்குகிறார். "வயிறு நிறைந்தவர்கள் ராட்டை சுற்றுவது ஏழ்மையை விளையாட்டாக்குவது" என்று அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சேர்வராயன் மலையிலிருந்து அதிக தூரமில்லாத திருச்செங்கோட்டுப் பக்கத்தைப் பார்க்கட்டும். 1925-இல் ராஜாஜி அங்கே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். மழை பொய்க்கிற மண். கிராமத்துப் பெண்கள் மைல் கணக்கில் நடந்து வந்து நூலைக் கொடுத்துப் பஞ்சும் கூலியும் வாங்கிப் போனார்கள். அந்த ஆசிரமத்திலிருந்துதான் கல்கியின் உதவியோடு 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை வெளிவந்தது என்பது கதை வாசகர்களுக்கு உபரியான தகவல். அந்தப் பெண்களுக்கு ராட்டை பொழுதுபோக்கு அல்ல, கஞ்சி. சரி. ஆனால் அவர்கள் நூற்ற கதரை யார் வாங்கினார்கள்? முரடாக இருந்தாலும், விலை கூடுதலாக இருந்தாலும் முணுமுணுக்காமல் வாங்கியவர்கள் யார்? தாங்களும் தினம் கொஞ்சம் நூற்றுப் பார்த்து, இழை அறுகிற கஷ்டம் இன்னதென்று தெரிந்துகொண்ட வக்கீல்களும் வாத்தியார்களும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும்தான். 1924-25-இல் காங்கிரஸ் அங்கத்தினர் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தபோது காந்திஜிக்கு இந்த மனோதத்துவம் தெரிந்திருந்தது. பொழுதுபோக்காக நூற்பவர் ஒழிந்து போகட்டும். மறுநாளே கூலிக்கு நூற்பவளின் அருமை தெரிந்த கடைசி வாடிக்கைக்காரரும் ஒழிந்து போவார்.

இன்னொரு ஆக்ஷேபணை பெரிய இடத்திலிருந்து வந்தது. 1925-இல் 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில் தாகூர் ராட்டை வழிபாட்டைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். ராட்டை சுற்றுகிறவனுக்குச் சிந்திக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அதில் ஓர் அம்சம். காந்திஜி 'யங் இந்தியா'வில் மரியாதையோடு பதில் எழுதினார். தேசம் முழுவதும் ஒரே மந்திரத்தை ஜபிக்க வேண்டாம் என்று தாகூர் சொன்னது எனக்குச் சம்மதமே. ஆனால் சிந்தனை வேண்டாம் என்பது மட்டும், மகாகவியாக இருந்தாலும், நூற்காதவர் சொல்லும் வார்த்தை. பட்டையிலிருந்து இழை இழுபடுகிற வேகமும் அதில் முறுக்கு ஏறுகிற வேகமும் ஒத்துப்போக வேண்டும். முறுக்குக் குறைந்தால் இழை நழுவி அறும். மிஞ்சினால் புரி ஏறிச் சுருண்டுகொள்ளும். ஏற்காட்டில் மூடுபனி நாளில் பஞ்சு ஈரம் வாங்கிக் கட்டி தட்டும். வெயில் அடித்தால் மறுபடி இளகிக் கொடுக்கும். விரல் இதையெல்லாம் ஒவ்வொரு கணமும் கவனித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தீர்ப்பை வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் மூதாதைகளுக்கு இது தெரிந்திருந்தது. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கிற பெண்ணாகவும், அவன் மதியைக் கதிராகவும் உருவகப்படுத்துகிறார். துணியின் நூலுக்கும் படிக்கிற நூலுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஜாதி நாம். ஆனால், "கடையில் எத்தனையோ புஸ்தகம் கிடைக்கிறதே, நீர் எதற்கய்யா எழுதுகிறீர்?" என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒருவேளை மனத்துக்குள் கேட்டிருக்கலாம்.

ஆண்பிள்ளைகள் சமாசாரத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜவஹர்லால் நேரு சிறையில் உட்கார்ந்து நூற்றார்; அந்த நூலில் நெய்த புடவையைத்தான் 1942-இல் அவர் மகள் இந்திரா கல்யாணத்துக்கு உடுத்தினார். இன்றைக்கு ஒரு வாலிபன் ரயிலில் தக்ளியைச் சுழற்றினால் பெட்டி முழுவதும் வேடிக்கை பார்க்கும். அவன் ஊசி எடுத்துப் பின்னினாலோ, கல்யாணத்துக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்!

கம்பளியைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் "உல்லன்" என்று கொடுக்கிற பந்து பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. பெட்ரோலியத்தின் பேத்தி அது. சேலம் ஜில்லாவில் ஆடு இல்லையா என்றால், பெயர் பெற்ற மேச்சேரி ஆடு இருக்கிறது. ஆனால் அது தோலுக்கும் கறிக்கும்தான். மேலே குட்டை மயிரே தவிரக் கம்பளி இல்லை. மெல்லிய கம்பளி தருகிற தமிழ்நாட்டு ஆடு நீலகிரி ஆடு. உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆடுகள்தான் அருகிக்கொண்டு வருகின்றன. கம்பளிக்கு விலை இல்லாதபோது எந்த ஏழை அதை வளர்ப்பான்? இங்கேயும் அதே பேரம்தான் வேலை செய்கிறது.

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும். மலர்க் கண்காட்சி பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போவீர்கள். போகிற இடத்தில் கையால் பின்னியதோ, கையால் நூற்று நெய்ததோ கண்ணில் பட்டால், "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை மணி நேரம் ஆயிற்று, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர்களும் சீட்டில் ரூபாய்க்குப் பக்கத்தில் மணிக் கணக்கையும் எழுதி ஒட்டட்டும். அந்தக் கணக்கைத் தங்கள் சொந்தச் சம்பளத்தால் பெருக்கிப் பார்த்த பிறகும் பேரம் பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசட்டும்.