விற்பொறி வில் ஆகுமா?

கொக்கிளாய்க் களப்பின் கரையில் ஒரு மாலைப்பொழுதில் மூவர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் என் அயலவர். கடலிலும் களப்பிலும் அறுபது ஆண்டுகளாக வலை வீசிய முதியவர். மற்றவன் என் பழைய மாணவன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறி, விடுமுறைக்கு ஊர் பார்க்க வந்தவன். அவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பனி படர்ந்த காடு. வீழ்ந்து கிடக்கும் மான். அதன் அருகே முழந்தாளிட்டு அவன். அவன் மடியில் ஒரு கருவி.

“வில்வேட்டை மாஸ்டர். துவக்காலை அடிச்சதில்லை, அம்பாலை அடிச்சது” என்றான்.

முதியவர் படத்தை வாங்கி, கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். “உது வில்லோ தம்பி? துவக்குக்கு மேலை வில்லைக் குறுக்கை வைச்சுக் கட்டியெல்லோ கிடக்கு” என்று சொல்லிச் சிரித்தார்.

மாணவன் சிரிக்கவில்லை. “எங்கடை மாகாணச் சட்டமே இதை வில்லெண்டுதான் ஐயா சொல்லுது” என்றவன், என் பக்கம் திரும்பினான். பள்ளி நாட்களிலே பட்டிமன்றம் முடிந்ததும் நடுவர் முகத்தைப் பார்ப்பானே, அதே பார்வை. “எழுதிச் சொல்கிறேன்” என்று அன்று தப்பித்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

எழுதுமுன் ஒன்றை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 2009 ஆம் ஆண்டிலே எறிகணைச் சில்லொன்று அவனது வலத்தோளைத் துளைத்துச் சென்றது. அந்தக் கை இன்றும் நெஞ்சுக்கு மேலே எழுவதில்லை. நாணைக் காது வரை இழுக்கும் வில்லை அவன் தொடவே முடியாது. அயல்நாட்டுக் காட்டினுள்ளே அவனை அழைத்துச் சென்று, மற்ற வேட்டையாளரோடு ஒருவனாக நிறுத்தியது அந்தக் கருவிதான். ஆகவே, “அது வில் அன்று” என்று நான் சொன்னால், ஒரு சொல்லைத் திருத்துவதோடு அது முடிந்துவிடாது. அவன் தேடிக்கொண்ட ஓர் இடத்தையும் பறிப்பதாகும். வேட்டை தகுமா, தகாதா என்பது வேறு வழக்கு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கருவியைக் காணாதவர்கள் இப்படி எண்ணிக்கொள்ளலாம். துப்பாக்கிக் கட்டை ஒன்று. அதன் முனையிலே குறுக்காகப் பொருத்திய சிறு வில். முன்னே உள்ள வளையத்திலே பாதத்தை ஊன்றி, இரு கைகளாலும் நாணை இழுத்து ஒரு கொளுவியிலே மாட்டிவிட வேண்டும். கை இயலாதவர்களுக்குச் சுழற்றி இழுக்கும் பொறியும் உண்டு. மாட்டியபின் நாண் தானாக நிற்கும். தோளிலே சார்த்தி, குறிகாட்டும் கண்ணாடியினூடே பார்த்து, விரலால் விசையைத் தட்டினால் குறுகிய அம்பு பாயும்.

நம் பத்திரிகைகள் இதைக் ‘குறுக்குவில்’ என்கின்றன. ஆங்கிலப் பெயரைப் பெயர்த்த சொல் அது. பழந்தமிழில் இதற்கு உறவான ஒரு சொல் உண்டு. மதுரைக் கோட்டை மதிலிலே இருந்த படைக்கருவிகளை இளங்கோவடிகள் அடுக்கிச் சொல்லுமிடத்தில் முதலில் நிற்பது ‘வளைவிற்பொறி’. தானாகவே வளைந்து எய்யும் எந்திரவில் என்று பழைய உரை அதனை விளக்குகிறது. கையிலேந்தும் கருவி அன்று அது, மதிலில் நிற்பது. எனினும் பெயர்களைக் கவனியுங்கள். நீர்க்குடம் என்றால் அது குடம். குடநீர் என்றால் அது நீர். தொகையின் இறுதியில் நிற்கும் சொல்லே பொருள் எந்த இனத்தது என்று காட்டுகிறது. அடிகள் ‘விற்பொறி’ என்றார். அவருக்கு அது பொறி. உரைகாரர் ‘எந்திரவில்’ என்றார். அவருக்கு அது வில். களப்புக் கரையிலே எங்களுக்குள் எழுந்த வழக்கு நூலாசிரியருக்கும் உரையாசிரியருக்கும் இடையிலேயே ஒளிந்து கிடந்திருக்கிறது! நான் அடிகளின் பக்கம். ஆயினும் காரணம் காட்டாமல் பெரியோர் பெயரைக் கொண்டு வெல்வது முறையன்று.

முதலில் என் மாணவனின் சாட்சியான சட்டத்தையே பார்ப்போம். ஒன்ராறியோவில் வில்லுக்கென்றே ஒதுக்கிய வேட்டைப் பருவத்தில் விற்பொறிக்கும் இடமுண்டு என்பது மெய்யே. ஆனால் அதே விதிகள், மானை எய்யும் வில்லின் இழுவிசை 700 மில்லிமீற்றருக்கு மேற்படாத இழுவையிலே குறைந்தது 18 கிலோகிராம் இருத்தல் வேண்டும் என்கின்றன. விற்பொறிக்கோ குறைந்தது 300 மில்லிமீற்றர் இழுவையும் 45 கிலோகிராம் விசையும் கேட்கின்றன. பொறியிலே நாண் ஓடும் தூரம் குறுகியது. அந்தக் குறையை விசையால் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒரே பெயரால் அழைத்த சட்டம் அளக்கும்போது இரண்டு கோல்களை எடுக்கிறது. 45 கிலோகிராம் விசையை நெஞ்சுக்கு நேரே இழுத்துப் பிடித்தபடி, மான் பக்கம் திரும்பட்டும் என்று காத்து நிற்கக்கூடிய தோள் ஊருக்கு ஒன்று இருந்தாலே அதிசயம். பொறியோ எத்தனை நாழிகையும் பிடித்து நிற்கும்.

என் வழக்கு முழுவதும் இந்தப் ‘பிடித்து நிற்றல்’ என்னும் ஒன்றிலேதான் இருக்கிறது. குறி பார்க்கும் அந்தக் கணத்தில் நாணின் சுமையை யார் தாங்குவது? வில்லாளி தன் உடம்பால் தாங்குகிறான். தசை நடுங்கத் தொடங்கும், மூச்சு முட்டும், காலம் அவனுக்கு எதிராக ஓடும். ஆகவே அவன் விலங்குக்கு மிக அண்மையில் வந்தாக வேண்டும். அது அறியாத கணத்திலே இழுத்தாக வேண்டும். இழுத்த அசைவையே அது கண்டு ஓடிவிடவும் கூடும். இன்னொன்றும் உண்டு. மனம் ஒப்பாவிட்டால் அவன் நாணை மெல்லத் தளர்த்தி அம்பைக் கழற்றிவிடலாம். விற்பொறியை ஏற்றிவிட்டால் இறக்குவது எளிதன்று. அம்பு ஏற்றாமல் வெறுநாணை விட்டால் கருவி உடையும். பலர் மாலையில் வீடு திரும்புமுன் மண்ணிலோ இலக்குப் பலகையிலோ ஓர் அம்பை எய்தே அதை இறக்குகிறார்கள். எய்யாமல் விடும் உரிமை வில்லாளியின் தோளிலே இருக்கிறது. பொறியிலே அதற்கும் ஓர் எய்தல் வேண்டியிருக்கிறது.

இந்த எய்யாமையை நம் இலக்கியம் வேட்டையின் ஓரத்தில் வைக்கவில்லை, நடுவிலேயே வைத்தது. திண்ணனாருக்கு வில் பிடிக்கும் சடங்கைச் சேக்கிழார் எத்துணை விரிவாகப் பாடினார் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அதை அடுத்து வரும் கன்னி வேட்டையிலே, அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை, சிறு குருளைகளைக் கொல்லவில்லை, கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை என்று நிறுத்திச் சொல்கிறார். (அதே வேட்டையில் ஓடிய பெரும்பன்றியைத் திண்ணனார் வீழ்த்தியது அம்பால் அன்று, உடைவாளால் என்பதை என் மாணவன் எடுத்துக்காட்டாமலிருக்க வேண்டும்!) மாறாக, ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக ஊடுருவிச் சென்றதைப் பாடிய வன்பரணர் வில்லின் வலியைத்தான் வியந்தார். அந்தப் புறப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், அந்த ஒரே அம்பு எனக்கு வேட்டையைக் காட்டிலும் விற்பொறியையே நினைவூட்டுவதுண்டு. புலவர் பொறுப்பாராக.

இனி எதிர்வாதம். “உங்கள் வில்லும் பழைய வில்லன்றே” என்பார்கள். உண்மை. 1966 இல் அமெரிக்கரான அலன் என்பவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கப்பி வில், இழுத்து முடித்தபின் சுமையின் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. நூறு பங்கில் இருபது பங்கே வில்லாளியின் கையில் எஞ்சும் வில்களும் இன்று உண்டு. இருபதை ஏற்பவர் ஏன் சுழியத்தை மறுக்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னைச் சில இரவுகள் உறங்கவிடவில்லை. கடைசியில் நான் கண்ட மறுமொழி இதுதான்: இருபதும் நடுங்கவைக்கும், சுழியம் நடுங்கவைக்காது. இருபது பங்கைத் தாங்குபவனும் இழுத்தது முதல் விடும் வரை தன் உடம்பின் காலத்துக்குள்ளேயே நிற்கிறான். எல்லைக் கோடு சற்று மங்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோடே இல்லை என்பதை ஒப்ப முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் இதனினும் வலியது. அது வாதமன்று, ஒரு மனிதனின் தோள். ஏகலைவன் கையில் விற்பொறி இருந்திருந்தால், துரோணர் கட்டைவிரலைக் கேட்டதில் பயனே இருந்திராது. இழந்த விரலை ஒரு கருவி ஈடுசெய்யுமானால் அதற்கு வில்லென்ற பெயரை மறுப்பவன் துரோணருடைய பக்கத்திலல்லவா நிற்கிறான்?

இதற்கு நான் எண்ணிக் கண்டுபிடித்த விடை எதுவும் இல்லை. நடந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும். காஷ்மீரத்துக் கிஷ்துவார்ப் பகுதியிலே இரு கைகளும் இன்றிப் பிறந்தவர் சீத்தல் தேவி. வலக்காலால் வில்லைப் பிடித்து, தோளிலே பூட்டிய கொளுவியால் நாணை இழுத்து, தாடையால் விசையைத் தட்டி எய்கிறார். 2023 இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டில் இரு பொற்பதக்கங்களும், 2024 இல் பாரிஸ் பராலிம்பிக்கில் கலப்பு அணியில் வெண்கலமும் பெற்றார். அவர் கையிலே (கை என்றே சொல்லிவிட்டேன்!) இருப்பது கப்பி வில்; விசையும் இருக்கிறது. ஆனால் நாணின் சுமை எய்யும் கணம்வரை அவர் உடம்பிலேதான் இருக்கிறது. எனவே வில்லாளியாவதற்குக் கைதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையில்லாதவரும் சுமையைத் தாங்கலாம் என்று அந்தப் பெண் காட்டியபின், சுமையைத் தாங்குவதே வில்லின் இலக்கணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எல்லாத் தோள்களுக்கும் இது கைகூடாது. என் மாணவனின் தோளுக்குக் கைகூடாமலே போகலாம். அவனுக்குப் பொறி வேண்டும். அதை அவனிடமிருந்து பறிக்கும்படி நான் எவரையும் கேட்கவில்லை.

பெயர் வேறு, அனுமதி வேறு என்பதை உலகின் பல பாகங்களில் ஏற்கெனவே உணர்ந்திருக்கிறார்கள். கனடாவிலேயே அல்பேர்ட்டா மாகாணம் வில்லுக்குரிய பருவத்தில் விற்பொறியை விலக்கி, உடற்குறையுள்ளோர்க்கு மட்டும் தனி அனுமதி தருகிறது. அமெரிக்காவில் 1934 இல் வில்லுக்கென மான்வேட்டைப் பருவத்தைத் தொடக்கிய விஸ்கொன்சின், 2014 முதல் விற்பொறிக்குத் தனி உரிமச்சீட்டு வைத்திருக்கிறது. 1961 இல் தோன்றிய போப் அன்ட் யங் கழகம் விற்பொறியால் வீழ்த்தியதைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. விளையாட்டுத் துறையிலும் வில்லாளருக்கு 1931 இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைந்தது; விற்பொறியாளர் 1956 இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். மாறாக, 1139 இல் இலாத்தரன் திருச்சங்கம் கிறித்தவர்மேல் எய்யலாகாது என்று விதித்தபோதும், 1981 இல் பிரித்தானியச் சட்டம் பறவைகளை எய்யலாகாது என்று தடுத்தபோதும், இரண்டையும் ஒரே மூச்சிலேதான் சொல்லின. தடை செய்யும்போது இரண்டும் ஒன்றாக இருக்கலாம். சிறப்புச் செய்யும்போதுதான் வேறுபாடு தேவைப்படுகிறது.

விற்பொறி தாழ்ந்தது என்று எவரும் கொள்ள வேண்டாம். நிக்கோபார்த் தீவினர் விற்பொறி ஏந்தியவர்கள். அடுத்துள்ள அந்தமான் தீவினர் வில் ஏந்தியவர்கள். நம் முத்துச்சலாபங்களை ஆராய வந்து, பின்னர் சென்னை மாகாண மீன்துறைக்குத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், தென்னிந்திய விற்பொறிகளைப் பற்றி 1924 இல் ஒரு கட்டுரை எழுதினார். இது தனக்கென வரலாறும் மரபும் உடைய கருவி. இரவல் பெயரிலே வாழ வேண்டிய தேவை அதற்கில்லை.

எங்கள் ஊரில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். 1951 முதல் கொக்கிளாய்க் களப்பு சரணாலயம். கூழைக்கடாவையும் பூநாரையையும் எந்த வில்லாலும் எய்யலாகாது. ஆயினும் எங்கள் காடுகளிலே ஒரு கருவி இருக்கிறது: கட்டுத்துவக்கு. விலங்கின் தடத்திலே கம்பியைக் கட்டி, மறுமுனையில் துவக்கைப் பொருத்திவிட்டு மனிதன் வீட்டிலே படுத்துறங்குவான். பன்றிக்கு வைத்தது மாட்டையும் அடிக்கும், யானையின் காலையும் உடைக்கும், விறகுக்குப் போனவனையும் வீழ்த்தும். தானே எய்யும் பொறி என்பதன் கடைசிப் படி அது. வில்லிலே சுமையும் முடிவும் மனிதனிடம். விற்பொறியிலே சுமை பொறியிடம், முடிவு மனிதனிடம். கட்டுத்துவக்கிலே இரண்டும் பொறியிடம். இம்மூன்றையும் வேட்டை என்ற ஒரு சொல்லாலே மூடிவிடும் வழக்கத்தை வன்னியிலே நிறையக் கண்டவன் நான். என் மாணவன் நடுப்படியில் நிற்கிறான். அவன் எங்கே நிற்கிறான் என்பது அவன் கருவியின் பெயரிலேயே தெரியட்டும் என்பதுதான் என் தீர்ப்பு.

இதன் படியை அவனுக்கு அனுப்பி, இனிமேல் தன்னை ‘விற்பொறி வேட்டையாளன்’ என்று சொல்லிக்கொள்ளும்படி கேட்டிருந்தேன். “பேர் நல்லாத்தான் கிடக்கு மாஸ்டர். ஆனா அந்த அயலட்டை ஐயா இதைத் துவக்கெண்டெல்லோ சொன்னவர்? அவருக்கு என்ன மறுமொழி?” என்று எழுதியிருக்கிறான். முதியவரிடம் வாசித்துக் காட்டினேன். தான் சொன்னதிலே மாற்றமில்லையாம்.